கடையில் நிற்கும் பிள்ளையின் மனம்

2007இல் போரினால் படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்து வந்த குடும்பங்களுள், வயலுக்குத் திரும்பாதவையும் உண்டு. அவர்களின் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் நகரத்துக் கடைகளில் பகுதிநேரமாக நிற்கிறார்கள். ஊர் திரும்பியோரின் பிள்ளைகளும், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதால், பாதைக்குக் காத்திராமல் வேலைக்கு வந்து போகலாம்.

சில வாரங்களில் பிள்ளையின் முகம் வாடுகிறது. “என்னை ஒருத்தரும் கணக்கெடுக்கிறாங்க இல்ல” என்கிறது.

வயலில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். கட்டிய வரம்பையும் அறுத்த உப்பட்டியையும் மாலையில் காட்டலாம். கடையில் அடுக்கிய சாமான் விற்றுப்போகும். துடைத்த தட்டில் மறுநாள் தூசி படியும். நல்ல வேலை கண்ணில் படாது, பிழை மட்டும் படும். வயலில் வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்குவதில்லை. “சம்பளம் தாறாங்கதானே, பேசாம நில்லு” என்றுவிடுகிறோம்.

பெற்றோர் செய்யக்கூடியவை:

1. இரவுச் சாப்பாட்டின்போது, “இண்டைக்கு என்ன வேலை செய்தாய்?” என்று கேளுங்கள். முடியும்வரை குறுக்கே புத்தி சொல்லாதீர்கள்.

2. பாராமுகம் வேறு, அநியாயம் வேறு. கூலியைப் பிடித்துவைத்தல், அடித்தல், தகாத முறையில் தொடுதல் ஆகியவற்றைப் பொறுக்கச் சொல்லாதீர்கள். 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. கூலிப் பிரச்சினையைத் தொழில் திணைக்களத்திடமும், சிறுவர் துன்புறுத்தலை 1929 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம்.

3. பாராமுகம் மட்டுமென்றால், நீங்கள் கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் பிள்ளையே கேட்கட்டும்: “முதலாளி, நான் பில் போடவும் பழகட்டா?” இந்தக் கேள்வியை வீட்டில் ஓரிரு முறை சொல்லிப் பழக்குங்கள்.

4. புதிதாகப் பழகியதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மாதமுடிவில் அதைச் சேர்ந்து வாசியுங்கள். தன் வளர்ச்சியைப் பிள்ளை தானே காணும்.

1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஈசாயின் ஏழு மகன்மார் சாமுவேலுக்கு முன்னால் வந்து போனார்கள். ஆடு மேய்க்கப் போயிருந்த இளையவன் தாவீதையும் கூப்பிட வேண்டுமென்று பெற்ற தகப்பனுக்கே தோன்றவில்லை.

முதலாளி காணாவிட்டாலும் வீடு காண வேண்டும். பிள்ளையின் சம்பளத்தை வாங்கும்போது அதன் முகத்தையும் பாருங்கள்.