ஒரே எண்ணுக்குள் நாலு மரபணு: ஆல்கலைன் பாஸ்பேடேஸ் பற்றிய குறிப்பு

போன வாரம் லாங் பஜாரில் மளிகை வாங்கிக்கொண்டு நின்றேன். எங்க தெரு அக்கா ஒருத்தர் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். "தம்பி, பையனுக்கு லிவர்ல ஏதாச்சும் கோளாறான்னு கொஞ்சம் பாரேன்." பையனுக்கு 13 வயசு. ஆல்கலைன் பாஸ்பேடேஸ் 340. பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'. மற்ற லிவர் எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அச்சடித்திருந்த வரம்போ பெரியவர்களுக்கானது.

பாஸ்பேடேஸ் என்பது ஒரு மூலக்கூறில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைத் தண்ணீரின் உதவியோடு கழற்றிவிடும் என்சைம். காரத்தில் நன்றாக வேலை செய்வது ஆல்கலைன், வகைப்பாட்டு எண் 3.1.3.1. அமிலத்தில் வேலை செய்வது ஆசிட், 3.1.3.2. இந்த எண்கள் செய்கிற வேலையை வைத்துக் கொடுத்தவை. யாருக்கு யார் சொந்தம் என்று தெரிய மரபணுவைத்தான் பார்க்கணும்.

மனிதர்களிடம் ஆல்கலைன் வகைக்கு 4 மரபணுக்கள். குடல், நஞ்சுக்கொடி, இனப்பெருக்க செல் என்ற மூன்றும் 2ஆம் குரோமோசோமில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. வரிசையிலும் நெருங்கிய சொந்தம். நாலாவது 1ஆம் குரோமோசோமில் தனிக்குடித்தனம். லிவர், எலும்பு, சிறுநீரகம் மூன்றிலும் இருப்பது இந்த நாலாவதுதான். புரதம் ஒன்றே, மேலே ஒட்டும் சர்க்கரைதான் வேறு. அதனால்தான் ரிப்போர்ட்டில் உள்ள ஒற்றை எண், வந்தது லிவரிலிருந்தா எலும்பிலிருந்தா என்று சொல்லாது. அந்தக் காலத்தில் சூடாக்கிப் பார்த்தே பிரித்தார்கள். 56 டிகிரியில் எலும்பு வகை சீக்கிரம் செயலிழக்கும், லிவர் வகை கொஞ்சம் தாங்கும், நஞ்சுக்கொடி வகை 65 டிகிரிக்கும் அசையாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த எண் ஏறுவதும் அந்த வகையால்தான்.

அமைப்பில் எனக்குப் பிடித்தது உலோகங்கள். என்சைம் இரண்டு புரதங்கள் சேர்ந்த ஜோடி. ஒவ்வொன்றின் செயல் மையத்திலும் 2 துத்தநாகம், 1 மெக்னீசியம். பாஸ்பேட் முதலில் ஒரு செரினில் ஒட்டும், பிறகு தண்ணீர் வந்து அதை விடுவிக்கும். உலோகம் போனால் வேலையும் போச்சு. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் இந்த டெஸ்ட் செய்யக் கூடாது, அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. உலோகங்களைக் கவ்விக்கொள்ளும், எண் பொய்யாகக் குறைந்து வரும். உண்மையிலேயே ரொம்பக் குறைவாக இருந்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. நாலாவது மரபணு பழுதானால் எலும்பு சரியாக இறுகாத ஹைப்போபாஸ்பேட்டேசியா வரும்.

எலும்பு வளரும்போது எலும்பு செல்கள் இந்த என்சைமை நிறைய உருவாக்கும். வளரும் பிள்ளைகளுக்கு 300ஐத் தாண்டுவது சாதாரணம். வைட்டமின் டி குறைந்தாலும் ஏறும் என்பதால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டச் சொன்னேன். ஜி.ஜி.டி. என்ற டெஸ்டும் சரியாக இருந்தால் லிவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அது எலும்பு நோயில் ஏறாது.

"பையன் சமீபத்துல வளர்ந்தானாக்கா?"

"அதை ஏன் கேக்குற, தீபாவளிக்கு எடுத்த பேன்ட் இப்பவே கணுக்காலுக்கு மேல நிக்குது."