கூரையில் ஒரு மாயக் கும்மட்டம்!
பார்ப்பது கண், ஏமாறுவது மூளை

இத்தாலி நாட்டின் தலைநகரம் ரோமாபுரி. அங்கே புனித இஞ்ஞாசியார் தேவாலயம் இருக்கிறது. அதன் தரையில் ஓரிடத்தில் வட்டமான சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் நின்று, பீடத்தின் பக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அடேயப்பா! எவ்வளவு பெரிய கும்மட்டம்! கவிழ்த்த கிண்ணம் போலக் குடைந்து உயர்ந்து போகிறது. சுற்றிலும் தூண்கள் நிற்கின்றன.

அந்தக் கல்லை விட்டு நகர்ந்து, கும்மட்டத்தின் அடிக்கே போய்ப் பார்த்தால் எல்லாம் கோணலாகிவிடும். தூண்கள் சாயும்.

காரணம், அங்கே கும்மட்டமே இல்லை. இருப்பது தட்டையான துணி. அதில் எழுதிய சித்திரம்!

சித்திரம் பிறந்த கதை

இந்தத் தேவாலயத்துக்குக் கும்மட்டம் கட்டத் திட்டம் இருந்தது. ஆனால் கட்டவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆந்திரேயா போட்சோ என்ற ஓவியர், 1685-ம் ஆண்டில் அதைச் சித்திரத்தால் நிரப்பினார்.

தூரத்தில் இருப்பதாகத் தெரிய வேண்டியதைச் சிறிதாக வரைந்தார். மேலே போகப் போக வட்டங்களைச் சுருக்கினார். ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல் கொடுத்தார். அவ்வளவுதான்!

மூளை போடும் கணக்கு

கண்ணுக்குள் விழித்திரை இருக்கிறது. சினிமாத் திரை போல அதில் உருவம் விழுகிறது. மலையும் மரமும் அதில் வெறும் படம்தான். எது அருகில், எது தூரத்தில் என்று மூளைதான் கணக்குப் போடுகிறது.

ரயில் தண்டவாளத்தைப் பாருங்கள். தூரத்தில் இரண்டும் சேர்வது போலத் தெரியும். சேரவில்லை, தூரமாகப் போகிறது என்று மூளை புரிந்துகொள்ளும். அதே அடையாளத்தைப் படத்தில் வரைந்தாலும் மூளை அதே முடிவுக்கு வருகிறது.

இரண்டு கண் எதற்கு?

முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல இருக்கும். இரண்டு கண்களும் சுமார் 6 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதே காரணம். இந்த வித்தியாசத்தை வைத்தும் மூளை ஆழத்தை அறிகிறது. இதை 1838-ல் விளக்கியவர் இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன்.

கையில் உள்ள படம் தட்டை என்று இரண்டு கண்களும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் படத்தில் ஆழம் சற்றுக் கூடித் தெரியும். உயரமான கூரை என்றால் இரண்டு கண்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் போட்சோ ஜெயித்தார்!

கட்டித் தருகிறேன்!

அவருடைய தூண்கள் சுவரில் நீட்டிய தாங்கிகள் மேல் நிற்பது போல இருந்தன. நிஜக் கட்டடத்தில் அப்படி வைக்கும் வழக்கம் இல்லை என்று கட்டடக் கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். உடனே போட்சோவின் ஓவிய நண்பர் ஒருவர், தூண்கள் விழுந்தால் தம் சொந்தச் செலவில் கட்டித் தருவதாகச் சொன்னாராம்! இதைப் போட்சோவே தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

துணியில் எழுதிய தூணுக்குப் பாரம் ஏது? அந்த நண்பருக்குக் கடைசி வரை ஒரு காசு செலவில்லை!