வாயோரம் வெடிப்பது வறட்சியால்தான் என்று நினைக்கிறீர்களா?

கொட்டாவி விட்டால் சுரீர்! ஒரு விள்ளல் இட்லியை வாய்க்குள் கொண்டுபோனால் சுரீர்! வாயின் இரண்டு ஓரமும் வெடித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். உடம்புச் சூடு என்று மோர் குடிப்போம். பனிக்கால வறட்சி என்று நொடிக்கொரு தரம் நாக்கால் நனைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் புண்ணை வளர்ப்பதே அந்த எச்சில்தான், தெரியுமா?

ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை நம் வாயில் எச்சில் ஊறுகிறது. சோற்றைச் செரிக்கத் தொடங்கும் நொதிகளும் அதில் உண்டு. அது வாயோர மடிப்பில் தேங்கினால் தோல் ஊறிக் கிழிந்துவிடும். கண்ணாடியில் கிட்டத்தில் பாருங்கள்: நடுவே சிவந்த கீறல், சுற்றிலும் ஊறி வெளுத்த தோல், காய்ந்த இடத்தில் மஞ்சள் பொருக்கு. கேண்டிடா என்ற பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா? பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும்.

பல் விழுந்த பெரியவர்களுக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது தெரியுமா? பல் போனதும் தாடை மேலேறி, வாயோரத்தில் மடிப்பு ஆழமாகிறது. எச்சில் அங்கே குளம் கட்டுகிறது. பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைக்காவிட்டால் பூஞ்சைக்கு அதுவே வீடு. விரல் சூப்பும் குழந்தைகளுக்கும் இதே கதைதான்.

அதைவிட வியப்பு, ஒரு வைட்டமின் குறைந்தாலும் வாயோரம் வெடிக்கும் என்பது! 1930களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர்கள் செப்ரலும் பட்லரும் இதைக் கண்டு எழுதினார்கள். உணவில் ரைபோஃப்ளேவின், அதாவது பி2, குறைந்த பெண்களுக்கு வாயோரம் வெடித்தது. அந்தச் சத்தைக் கொடுத்ததும் ஆறியது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகிறதே, அந்த நிறம் இந்தச் சத்தினுடையதுதான். வெளிச்சம் இதற்குப் பரம எதிரி. கண்ணாடி பாட்டிலில் பாலை வெயிலில் வைத்தால் இரண்டே மணி நேரத்தில் பாதி பி2 போய்விடும். பருப்பு சீக்கிரம் வேக வேண்டும், கீரை பச்சையாக இருக்க வேண்டும் என்று சோடா உப்பு போடுகிறோமே, அதுவும் இதை அழிக்கும். தயவுசெய்து போடாதீர்கள்.

பால், தயிர், முட்டை, ஈரல், கீரை, முளைகட்டிய பயறு எல்லாவற்றிலும் பி2 உண்டு. இரும்புச் சத்தோ பி12-ஓ குறைந்தாலும் வாயோரம் வெடிக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? வெதுவெதுப்பான நீரில் துடைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பிறகு சுத்தமான தேங்காய் எண்ணெயோ நெய்யோ மெல்லிசாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். ஆய்வுக்கூடத்தில் அது கேண்டிடாவை அடக்குகிறது. ஆனாலும் எண்ணெயின் முதல் வேலை, எச்சில் தோலில் படாமல் மறைப்பதுதான் என்பேன். வாசலினும் அதைத்தான் செய்கிறது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1859-இல் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில், பம்பில் ஒட்டிய கறுப்புப் பிசினைத் தொழிலாளிகள் காயத்தில் பூசுவதைச் செஸ்ப்ரோ என்ற வேதியியலாளர் பார்த்தார். அதைச் சுத்தப்படுத்தி 1872-இல் காப்புரிமை வாங்கினார்! எண்ணெயோ வாசலினோ, சாப்பிடும் முன்பும் படுக்கும் முன்பும் பூசினால் போதும். தேன் பூசுவதானால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் புண்ணில் படவே கூடாது, எரிச்சல்தான் மிச்சம்.

ஒரே பக்கத்தில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது வேறு, வைரஸ் அக்கி. அது ஆறும்வரை குழந்தைகளை முத்தமிடாதீர்கள், துண்டையும் டம்ளரையும் தனியே வையுங்கள். வாயோர வெடிப்பு இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, ஆறி ஆறித் திரும்ப வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பூஞ்சைக்கென்றே களிம்பு இருக்கிறது. அப்படியே சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டு வாருங்கள்.