அலுமினியம் கட்டும் தேன்கூடு

2025 செப்டம்பரில் ஐபோன் 17 ப்ரோ விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே புகார் கிளம்பியது. கடைகளில் காட்சிக்கு வைத்திருந்த போன்களில், கேமரா மேட்டின் விளிம்பில் நிறம் போய் வெள்ளையாக உலோகம் தெரிகிறது என்றார்கள். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் போனில் பெயின்ட் ஏன் உதிர்கிறது?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

அது பெயின்ட் இல்லை. அலுமினியமே தன் உடம்பிலிருந்து வளர்த்துக்கொண்ட தோல். அனோடைசிங் என்பது அந்த வேலையின் பெயர். இதைப் பார்க்க ஐபோன் வேண்டியதில்லை, வீட்டு ஜன்னலின் அலுமினியச் சட்டம் போதும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, அனோடைஸ் செய்த சட்டத்தின் மேல் இரண்டு முனைகளையும் மெதுவாக வையுங்கள். சத்தம் வராது. அறுத்த முனையில் வைத்தால் உடனே கத்தும். மின்சாரம் பாயும் உலோகம்தான். மேலே இருக்கும் தோல் மட்டும் ஆக்சைடு, அதில் பாயாது.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் உண்டு. ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். அதை ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பாக்குவதுதான் பட்டறையில் நடப்பது. 15 முதல் 20 சதவீத கந்தக அமிலம் நிரம்பிய தொட்டி, ஏறக்குறைய 20 டிகிரி வெப்பநிலை, சுமார் 15 வோல்ட் மின்சாரம். நேர்மின் முனையில் அலுமினியத்தைத் தொங்கவிடுகிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த புதிர் வருகிறது. ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். அப்படியானால் படலம் கொஞ்சம் வளர்ந்ததுமே மின்சாரம் நின்று, வளர்ச்சியும் நின்றுபோக வேண்டுமே? அமிலம் இல்லாத போரேட் கரைசலில் அப்படித்தான் நின்றுவிடுகிறது. கந்தக அமிலத்தில் மட்டும் நிற்பதில்லை. காரணம், அமிலம் அந்த ஆக்சைடை வெளிப்பக்கமிருந்து கரைத்துக்கொண்டே இருக்கிறது. எங்கே படலம் ஒரு துளி மெலிந்திருக்கிறதோ அங்கே மின்புலம் வலுக்கிறது. வலுத்த இடத்தில் கரைவதும் வேகமாகிறது. மெலிந்த இடம் குழியாகிறது. குழியின் அடித்தரையில், உலோகப் பக்கம் புது ஆக்சைடு உருவாக, அமிலப் பக்கம் பழைய ஆக்சைடு கரைய, இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கின்றன. அதனால் தரையின் தடிமன் மாறுவதே இல்லை: வோல்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். தரை கீழே கீழே இறங்குகிறது, சுவர் உயர்ந்துகொண்டே போகிறது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் நெருக்கியடித்து, ஏறக்குறைய அறுகோண வடிவில் அடங்குகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான கோடிக் குழிகள்!

தேன்கூடுதான். அறுகோண அறை, மூடிய அடி, திறந்த வாய் எல்லாம் உண்டு. ஆனால் தேனீ மெழுகைக் கொண்டுவந்து மரக்கிளையில் கூடு கட்டும். இங்கே கிளையே கூடாக மாறுகிறது. குழியின் அகலம் 20 நானோமீட்டர், ஆழம் 10 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அகலத்தைப்போல ஆழம் 500 மடங்கு. தேன்கூட்டின் அறை அரை சென்டிமீட்டர் அகலம் என்றால் இதே கணக்கில் அது இரண்டரை மீட்டர் ஆழம் போக வேண்டும். ஆள் உயரத்தைவிட அதிகம்.

அந்தக் கிணறுகளில் தேனுக்குப் பதிலாகச் சாயத்தை நிரப்புகிறார்கள். போனின் ஆரஞ்சும் நீலமும் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இறங்கி இருக்கின்றன. ஜன்னல்களின் வெண்கல நிறத்துக்குப் பெரும்பாலும் சாயமே கிடையாது. குழியின் அடியில் மின்சாரத்தால் படியவைத்த வெள்ளீயத் துகள்கள் ஒளியை விழுங்கியும் சிதறடித்தும் அந்த நிறத்தைத் தருகின்றன. சாயம் வெயிலில் வெளுக்கும், இது வெளுக்காது.

நிரப்பியதை மூட வேண்டும். தேனீ மெழுகால் மூடும். பட்டறையில் மூடி எதையும் வைப்பதில்லை. ஏறக்குறைய கொதிக்கும் சுத்தமான நீரில், ஒரு மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிடம் என்ற கணக்கில் மூழ்க வைக்கிறார்கள். ஆக்சைடு நீரைச் சேர்த்துக்கொண்டு போமைட் என்ற பொருளாகிப் பருக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் இறுகிக்கொள்கிறதே, அதைப்போலச் சுவர்களே உப்பி வாயை அடைத்துவிடுகின்றன.

வரலாறு சுருக்கமானது. 1923-ல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் கடல் விமானப் பாகங்கள் அரிக்காமலிருக்கக் குரோமிக் அமிலத்தில் இதைச் செய்தார்கள். 1927-ல் கந்தக அமில முறை வந்தது. 1953-ல் கெல்லர், ஹன்டர், ராபின்சன் மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அறுகோண அமைப்பைக் காட்டினார்கள். 2004-ல் ஐபாட் மினி இதை ஐந்து நிறங்களில் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது. இன்று ஓசூர்ப் பகுதியிலேயே ஐபோன் உறைகள் தயாராகின்றன.

இனி விளிம்புக்கு வருவோம். குழிகள் மேற்பரப்புக்குச் செங்குத்தாகவே வளரும். தட்டையான இடத்தில் அவை தோளோடு தோள் நிற்கும். கூரான விளிம்பில் ஒரு பக்கத்துக் குழிகள் மேல் நோக்கியும் மறுபக்கத்துக் குழிகள் பக்கவாட்டிலும் போவதால் நடுவில் ஆப்பு வடிவில் விரிசல் விழுகிறது. போதாக்குறைக்கு ஆக்சைடு கடினமானது, நொறுங்கக்கூடியது. அடியிலுள்ள அலுமினியமோ மென்மையானது. அங்கே சாவி உரசினால் தோல் செதிலாகப் பெயர்கிறது. விளிம்பை இன்னும் கொஞ்சம் வளைத்து வடித்திருந்தால் சிக்கல் வெகுவாகக் குறைந்திருக்கும்.

விளம்பரம் சொல்லும் 'விமானத் தர' 7000 வரிசை அலுமினியம் இதற்கு உதவாது. அது உள்ளேயிருக்கும் உலோகத்தின் வலிமையைப் பற்றிய சொல். அதே வரிசை சைக்கிள் சட்டங்களிலும் உண்டு. மேல்தோலுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. 'நீலக்கல்லைப் போன்ற கடினம்' என்பதும் பாதி உண்மைதான். வேதிப்பொருள் ஏறக்குறைய ஒன்று. ஆனால் நீலக்கல் படிகம், இந்தத் தோல் படிகமாகாதது, அந்த அளவுக்குக் கடினமும் இல்லை.

ஆகவே பெயரடைகளைக் கேட்காதீர்கள், மைக்ரானைக் கேளுங்கள். இந்தியத் தரமான ஐ.எஸ். 1868, ஏசி 15, ஏசி 25 என்று மைக்ரான் கணக்கிலேயே தரம் பிரிக்கிறது. கடற்காற்று படும் ஜன்னலுக்கு 25 கேளுங்கள். பொருத்திய பிறகு, பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின் மேலுள்ள பாதுகாப்பு டேப்பை உரிக்க விடாதீர்கள். ஈர சிமென்டின் காரம் இந்தத் தோலைக் கரைத்துவிடும். அப்படி விழும் வெள்ளைத் திட்டு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.