உஷார்! 'பாங்கொக் வேலை' பாங்கொக்கில் இல்லை

போன மாதம் சாய்ந்தமருதிலிருந்து சொந்தக்கார ராத்தா ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, மகனுக்கு பாங்கொக்கில வேல சரி வந்திட்டு. கம்பியூட்டர்ல டைப் அடிக்கிற. மாசம் 1500 டொலராம். காப்ப ஈடு வெச்சி டிக்கட்டும் போட்டாச்சி. நீயும் அங்கதானே இரிக்காய், ஒரு கண் பாத்துக்க."

எனக்கு அடிவயிறு கலங்கியது. போனை மகனிடம் கொடுக்கச் சொன்னேன். "வந்து இறங்கினா எங்க தங்க வைக்கிறாங்க மனே? லொகேஷன் அனுப்பச் சொல்லு" என்றேன். இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு ஹோட்டலின் லொகேஷன் வந்தது. திறந்து பார்த்தால் சிவப்புப் புள்ளி பாங்கொக்கிலேயே இல்லை. வடமேற்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தள்ளி, மே சொட் என்ற எல்லை ஊரில் இருந்தது. அந்த ஊருக்கும் மியன்மாரின் மியாவடிக்கும் நடுவில் மோய் ஆறு ஒன்றுதான். ஆற்றுக்கு அக்கரையில்தான் இணைய மோசடி முகாம்கள் இருக்கின்றன.

நான் பாங்கொக்கில் இரத்தினக்கல் வியாபாரத்தில் இருக்கிறேன். சீலோம் பக்கத்து மஹேசாக் தெருவில் பேருவளைக்காரர்களோடு வேலை. வெள்ளிக்கிழமை ஹாரூன் பள்ளியில் ஜும்ஆ. வெயிலும் புழுக்கமும் கல்முனையைப் போலத்தான். உழைத்தால் மரியாதையாக வாழவிடும் நகரம் இது. ஆனால் வெளிநாட்டுக்காரன் இங்கே வேலை செய்ய முறையான வீசாவும் தொழில் அனுமதிப் பத்திரமும் வேண்டும். ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள நான்கு தாய்லாந்துக்காரருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான விதி. படித்து வெளியே வரும் உள்ளூர்ப் பிள்ளைக்கே தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் 20,000 பாத்தைத் தாண்டாது. அது 600 டொலர் அளவுதான். தாய் மொழி ஒரு சொல்லும் தெரியாத எங்கள் பிள்ளைக்கு, டைப் அடிக்க, எவன் 1500 டொலர் கொடுப்பான்? எதற்காகக் கொடுப்பான்?

பிடிக்கிற விதம் இதுதான். வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ விளம்பரம் வரும். போனிலேயே ஐந்து நிமிட நேர்முகம். "டூரிஸ்டாக வாங்க, இங்கே வந்து வீசா மாத்தித் தாறோம்" என்பார்கள். 2024 ஜூலையில் தாய்லாந்து இலங்கையருக்கு 60 நாள் வீசா இல்லாமல் வர வழி திறந்தது. அது சுற்றுலாவுக்கு வந்த சலுகை. இவர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. விமான நிலையத்தில் வான் ஒன்று நிற்கும். நகரத்துக்குள் வர ஒரு மணித்தியாலம் போதும். அந்த வானோ ஏழெட்டு மணித்தியாலம் ஓடும். இரவில் ஆற்றைக் கடத்திவிடுவார்கள். கடவுச்சீட்டும் போனும் பறிபோகும். அதன் பிறகு வேலை என்பது, பொய்ப் படத்தை வைத்து முன்பின் தெரியாதவர்களோடு காதல் பேசி, நம்பவைத்து, கிரிப்டோ முதலீடு என்று அவர்கள் காசைக் கறப்பது. மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. வெளியே விட வீட்டாரிடம் ஆயிரக்கணக்கான டொலர் கேட்பார்கள்.

யாரோ இட்டுக்கட்டிய கதை என்று தள்ளிவிடாதீர்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் சொன்னது. 2024இல் ஐம்பதுக்கு மேற்பட்ட இலங்கையர் மியாவடியில் சிக்கியிருப்பது தெரியவந்து, அரசு கட்டங்கட்டமாக மீட்கப் பாடுபட்டது. 2025 ஜனவரியில் வாங் சிங் என்ற சீன நடிகர் படப்பிடிப்பு என்று நம்பி பாங்கொக்கில் இறங்கினார். சில நாள் கழித்து மியன்மாரிலிருந்து மொட்டைத் தலையோடு மீட்டார்கள். அடுத்த மாதம் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் முகாம்கள் இருக்கும் பகுதிகளுக்கு மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் வெட்டியது. 7,000 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். அத்தோடு முகாம்கள் ஒழிந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். ஓரிடத்தில் விரட்டினால் இன்னோரிடத்தில் முளைக்கின்றன.

எங்கள் கரையோரத்தை நினைத்து ஏன் இவ்வளவு பயப்படுகிறேன்? மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, குமருக்கு வீடு கட்டாமல் கல்யாணம் இல்லை. அந்தக் கடன் தம்பிமாரின் தலையில்தான் விழுகிறது. படித்து, ஆங்கிலமும் கணினியும் தெரிந்து, வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளைத்தான் அந்த முகாம்கள் தேடுகின்றன. வளைகுடாவில் வேலை போய் நிற்பவரையும் விடுவதில்லை.

ஆகவே, காப்பு அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

• "டூரிஸ்டாக வந்து மாத்தலாம்" என்றாலே நிறுத்துங்கள். வேலைக்குப் போகிறவர் வேலை வீசாவோடுதான் போக வேண்டும்.

• முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். பணியகத்தில் பதியாமல் புறப்பட வேண்டாம்.

• கம்பனி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேளுங்கள். மே சொட், மியாவடி என்ற பெயர் வந்தால் பேச்சையே முடித்துவிடுங்கள்.

• ஏற்கெனவே வந்துவிட்டீர்களா? வான் நகரத்தை விட்டு வெளியேறினால் லொகேஷனை வீட்டுக்கு அனுப்புங்கள். சாப்பிட, எண்ணெய் அடிக்க நிறுத்தும் இடத்தில் இறங்கி, கூட்டத்துக்குள் போய்ப் பொலிஸைக் கேளுங்கள். பாங்கொக்கில் எங்கள் தூதரகம் இருக்கிறது.

• பிள்ளையின் போன் திடீரென்று நின்றுவிட்டதா? ஊர் என்ன சொல்லுமோ என்று மறைக்காதீர்கள், உம்மாமாரே. அன்றைக்கே பொலிஸுக்கும் பணியகத்துக்கும் போங்கள். ஆற்றைக் கடந்த பிறகு மீட்பது மிகக் கஷ்டம்.

ராத்தாவின் மகன் வரவில்லை. டிக்கட் காசு போனது. பிள்ளை வீட்டில் இருக்கிறான். ஆனால் "நான் வரல்ல" என்று அவன் சொன்னதும் அந்த முகவர் கோபப்படவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: "பரவாயில்ல தம்பி, வேற கூட்டாளிமார் இருந்தா நம்பர் தாங்க."

அந்தக் கேள்வி இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனுக்கு வந்திருக்கலாம். இப்பவே கேட்டுப் பாருங்கள்.