வீட்டிலே தொழில் இருக்கிறது, காப்புறுதித் தாளில் இருக்கிறதா?

பால்மரமும் செம்பனையும் தரும் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. காலையில் வேலைக்காட்டுக்குப் போய் வந்த சகோதரி, மாலையில் முறுக்குச் சுடுகிறாள். இன்னொருத்தி முன்வாசலில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோன நம் மக்கள் வீட்டுக் குசினியிலேயே நாசி லெமாக் கட்டுகிறார்கள். தோசை மாவு அரைத்து விற்கிறார்கள். பிள்ளைகளின் பஸ் காசும் டியூஷன் காசும் இதிலிருந்துதான் வருகின்றன.

பாராட்ட வேண்டிய உழைப்பு! ஆனால் போகிற இடமெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்.

"ஏம்மா, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"இருக்குங்க அண்ணே. வருசா வருசம் கட்டுறோமே!"

"வீட்டிலே வியாபாரம் செய்றதை அதிலே எழுதியிருக்கா?"

இதற்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

தோழர்களே, இது சின்ன விஷயம் அல்ல. சாதாரண வீட்டுக் காப்புறுதி குடியிருக்கும் வீட்டுக்காக எழுதப்படுவது. கட்டில், அலமாரி, டெலிவிஷன் அதற்குள் அடங்கும். விற்பனைக்கு அடுக்கி வைத்த பலகாரமும், கூலிக்குத் தைக்க வந்த துணியும், தொழிலுக்கு வாங்கிய மாவு மெஷினும் பொதுவாக அதற்குள் அடங்கா. அது மட்டுமா? வியாபார அடுப்பிலிருந்து தீப்பிடித்தால், "குடியிருக்கும் வீடு என்றுதானே சொன்னீர்கள், தொழில் நடப்பதைச் சொல்லவில்லையே" என்று கம்பெனி கேட்கும். அப்போது வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய பணமும் இழுபறியாகி விடலாம். கட்டிய காசு கட்டியதுதான்!

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, சொந்தக் குடும்பத் தேவைக்கு எடுக்கும் காப்புறுதியில் கம்பெனி கேட்கும் கேள்விகளுக்கு நாம் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தொழிலுக்கு எடுக்கும் காப்புறுதியில் நம் பொறுப்பு இன்னும் கூடுதல். கம்பெனி கேட்காவிட்டாலும், அவர்கள் முடிவை மாற்றக்கூடிய விஷயம் என்று நமக்குத் தெரிந்தால் நாமே சொல்லிவிட வேண்டும். ஆகவே, "எல்லாம் நான் பார்த்துக்கிறேன் அக்கா, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஏஜெண்டு சொன்னால் போட்டுவிடாதீர்கள். என்ன தொழில், எத்தனை அடுப்பு, எத்தனை கேஸ் தோங், எத்தனை மெஷின் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிய பாரத்தில் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். மலாயோ ஆங்கிலமோ புரியவில்லையென்றால், படித்த பிள்ளையை உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

வீடு யாருடையது?

தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்குக் கட்டடம் சொந்தமில்லை. அது நிர்வாகத்தின் சொத்து. அதற்கு நீங்கள் காப்புறுதி எடுக்கத் தேவையில்லை; உங்கள் சாமான், மெஷின், சரக்கு இவற்றுக்கு எடுத்தால் போதும். ஆனால் லயத்து வீட்டில் தொழில் நடத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள், கட்டடத்துக்கு நிர்வாகக் குழு எடுத்திருக்கும் காப்புறுதி எதுவரை வரும் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் தையல் மெஷினுக்கு அது வராது.

தீக்கு மட்டுமா, வெள்ளத்துக்குமா?

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்த தண்ணீரை யாரும் மறக்க முடியாது. வெறும் தீக் காப்புறுதி என்றால் தீ, இடி, வீட்டுக் கேஸ் வெடிப்பு இவ்வளவுதான். வெள்ளம் வேண்டுமானால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் குடியிருப்பவர்கள் வெள்ளம் சேர்க்காமல் தாளை வாங்காதீர்கள். திருட்டும் அப்படித்தான். இருக்கிறதா என்று கேட்டு, தாளில் காட்டச் சொல்லுங்கள்.

குறைத்து எழுதினால் யாருக்கு நட்டம்?

சந்தா குறையும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். உங்கள் மெஷின்களின் மதிப்பு 10,000 வெள்ளி. நீங்கள் எழுதியது 5,000 வெள்ளி. தீயில் 4,000 வெள்ளி நட்டம். முழுசும் கிடைக்குமா? பாதிக்குத்தானே காப்புறுதி எடுத்தீர்கள் என்று, 2,000 வெள்ளிதான் கையில் வரும். பெரும்பாலான தீக் காப்புறுதித் தாள்களில் இந்த விதி உண்டு. மெஷின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். வீட்டோடு ரசீதும் எரிந்து போனால் எதைக் காட்டுவீர்கள்?

மெஷினுக்கு முன்னே உடம்பு

கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டினால் முறுக்கு யார் சுடுவது? கணவர் பேரில் முதலாளி கட்டும் சொக்சோ மனைவியின் முறுக்குச் சட்டிக்கு வராது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்த அந்தத் திட்டம், 2020 ஜனவரி முதல் உணவு, அங்காடி வியாபாரம், இணைய வியாபாரம் உட்பட 20 துறைகளுக்கு விரிந்தது. அப்போது ஆகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென். தொழிலில் அடிபட்டால் வைத்தியச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களுக்குப் பணம், உயிர் போனால் குடும்பத்துக்கு உதவி என்று அதில் உண்டு.

2022 டிசம்பரில் குடும்பத் தலைவியருக்கென்று இன்னொரு திட்டம் வந்தது. சந்தா ஆண்டுக்கு 120 வெள்ளி, 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அது வீட்டு வேலைகளில் வரும் விபத்துக்கானது, வியாபாரத்துக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பாதீர்கள். இன்றைய சந்தாவையும் விதிகளையும் பக்கத்து ஊர் சொக்சோ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

சாப்பாடு விற்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் பலகாரத்தைச் சாப்பிட்டு ஒருவருக்கு உடம்பு கெட்டால், அல்லது ஆர்டர் எடுக்க வந்தவர் உங்கள் வாசலில் வழுக்கி விழுந்தால், நட்ட ஈடு யார் தருவது? அதற்கும் காப்புறுதி உண்டு. கல்யாண ஆர்டர் எடுக்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்தவர்கள் இதை ஒத்திப் போடக்கூடாது.

கையில் காசு குறைவென்றால் வரிசை இதுதான்: முதலில் உடம்பு, அடுத்து மெஷினும் சரக்கும், பிறகு மற்றவர்களுக்கு வரும் நட்டம். ஒரே கம்பெனியில் கேட்டுத் திரும்பாமல் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். பேங்க் நெகாரா அனுமதி பெற்ற கம்பெனிதானா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு சென்னும் கொடுக்காதீர்கள்.

கம்பெனி பணம் தர மறுத்தால் அழுதுகொண்டு உட்காரக் கூடாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவையிடம் முறையிடலாம். கம்பெனியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.

இன்று இரவு வேலை முடிந்ததும் பெட்டியில் இருக்கும் அந்தத் தாளை எடுங்கள். உங்கள் தொழில் அதில் ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே ஏஜெண்டைக் கூப்பிடுங்கள்.