புரட்டாசியில் அறுக்கும் நெல்லுக்கு ஏன் 'கன்னிப்பூ'னு பேரு?

'கன்னி'ன்னா என்ன? டக்குனு 'கல்யாணமாகாத பொண்ணு'ன்னு சொல்வீங்க. சரிதான், 'கன்யா' என்ற சம்ஸ்கிருதச் சொல்லுக்கு அதுதான் நேர்ப்பொருள். கன்னியாகுமரியில் அது டபுள்; குமரிக்கும் அதே அர்த்தம்தான்! சட்டசபையில் முதல்முறை பேசினால் கன்னிப்பேச்சு, முதல்முறை சபரிமலைக்கு மாலை போட்டால் கன்னிச்சாமி. மீசை வைத்த ஆம்பளையா இருந்தாலும்!

ஆனா, நாஞ்சில் நாட்டு வயல்ல 'கன்னிப்பூ'ன்னா நெல். பூ என்றால் இங்கே போகம். அப்போ, முதல் போகம் என்பதால் இந்தப் பேரா? அதுதான் இல்லை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது. மலையாள ஆண்டுக் கணக்கில் மாசங்களுக்கு ராசியின் பேர்தான். நம்ம புரட்டாசி அங்கே கன்னி, மாசி, கும்பம். கன்னியில் அறுத்தால் கன்னிப்பூ, கும்பத்தில் அறுத்தால் கும்பப்பூ.

இன்னொரு ஆச்சர்யம் வானத்துல இருக்கு. கன்னி ராசியில் பளிச்சுனு தெரியும் சித்திரை நட்சத்திரத்துக்கு லத்தீன்ல 'ஸ்பைகா'ன்னு பேரு. அர்த்தம், தானியக் கதிர்! ரோமானியர்கள் கற்பனை செய்த கன்னி, கையில் கதிர் பிடித்திருக்கிறாள். வராகமிகிரரின் 'பிருகத் ஜாதக'த்தில் வரும் கன்னியின் கையிலும் பயிர் இருக்கு.

வயலெல்லாம் வீட்டுமனை ஆக ஆக, 'கன்னிப்பூ'ன்னு சொல்ற ஆட்களும் குறையுறாங்க. உங்க தாத்தா பாட்டி அந்தப் பக்கம்னா, கன்னிப்பூவுக்கு என்ன நெல் விதைச்சாங்கனு இப்பவே கேட்டுவைங்க.